இன்றைக்கு இந்தத் தண்ணீர் யாருடையது?

(சிதம்பரத்தில் நடந்த கயாக் ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கயாக் ஓட்டுவோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். துடுப்பை எப்படிப் பிடிப்பது, கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்பவற்றுக்குப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். நாம் இறங்கும் தண்ணீரில் நமக்கு முன்பே இருப்பவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஆற்றிலும் உப்பங்கழியிலும் பொழுதுபோக்குக்கு வந்தவர், பிழைப்புக்கு வந்தவருக்கு வழிவிட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் வழிவிடுவதற்கு முன் அவர் அங்கே இருப்பது நம் கண்ணில் பட வேண்டும். அது சுலபமில்லை என்பதால்தான் இவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கிறது.

கயாக்கின் சிறப்பு என்ன? அதற்கு எஞ்சின் வேண்டாம், படகுத்துறை வேண்டாம். கார் கூரையில் கட்டிக்கொண்டு போய், சரிவான கரை கிடைத்த இடத்தில் இறக்கிவிடலாம். ஒரு சாண் ஆழம் இருந்தாலே மிதக்கும். உல்லாசப் படகு நுழைய முடியாத வாய்க்காலுக்குள் எல்லாம் அது நுழையும். அதாவது, இதுவரை வேலை செய்கிறவர்கள் மட்டுமே போய்வந்த இடங்களுக்கு, முதல் முறையாக வெளியார் போகிறோம். அங்கே நமக்காக எழுதி வைத்த அறிவிப்புப் பலகை எதுவும் இருக்காது. ஒழுங்கை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம். வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. உள்ளே பின்னிக்கிடக்கும் வாய்க்கால்கள். 1975-இல் வந்த ‘இதயக்கனி’ படம் இந்தக் காட்டைத் தமிழ்நாடு முழுக்க அறிமுகம் செய்தது. 2022-இல் இந்தக் காடு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர் இதைக் காடு என்று நினைத்து வருகிறார். பக்கத்து ஊரான கிள்ளையில் இருப்பவர்களுக்கு அது வேலைக்குப் போகும் இடம்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்ட இருந்து பாருங்கள். கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் இருளர் மக்கள் பலர் வலையில்லாமல் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, அடிச்சேற்றில் இரண்டு கைகளையும் துழாவிக்கொண்டு மெல்ல நகர்வார்கள். குனியும்போது முகம் மட்டும்தான் வெளியே இருக்கும். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். சேற்றுக்குள் பதுங்கிய இறால் விரலில் பட்டதும் அமுக்கிப் பிடித்து, பறிக்குள் போடுவார்கள். ஆண்களும் பெண்களும் செய்யும் வேலை இது. பல மணி நேரம் உப்புத் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். காலைச் சிப்பி கிழிக்கும். வாயில் பறி இருப்பதால் “இங்கே ஆள் இருக்கிறோம், பார்த்து வா” என்று கூவக்கூட முடியாது.

இப்போது வளைவைத் தாண்டி ஒரு கயாக் வருகிறது. ஓட்டுகிறவர் அண்ணாந்து கொக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் மட்டத்தில் கறுப்பாகத் தெரியும் தலை அவர் கண்ணில் பட்டாலும் மரக்கட்டை என்றுதான் தோன்றும். கயாக்கின் மூக்கு ஒருவர் நெற்றியில் மோதினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மோதாமல் தப்பினாலும், ஆழமில்லாத இடத்தில் துடுப்பை ஊன்றி ஊன்றித் தள்ளினால் சேறு கலங்கும், பதுங்கிய இறால் விலகி ஓடும். அவருடைய அன்றைய கூலி அந்தச் சேற்றில் இருந்தது. நாம் கடந்துபோக இரண்டு நிமிடம் ஆகும். கலங்கிய இடத்தை விட்டு அவர் வேறு இடம் தேடி நடக்க வேண்டும்.

ஆகவே குறுகிய வாய்க்காலில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் துடுப்பை நிறுத்துங்கள். குரல் கொடுங்கள். “அண்ணே, வரலாமா?” “அக்கா, எந்தப் பக்கமா போகட்டும்?” இதுபோதும். அவர் கை காட்டும் பக்கம், ஆழம் இருக்கும் கரையை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். தண்ணீரில் நனைந்து நிற்கும் பெண்ணைப் படம் எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், அங்கே வந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாராக இல்லை.

கயாக் சத்தமில்லாமல் போகும் என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். வடதுருவத்தை ஒட்டிய கடல்களில் சீல் வேட்டையாடியவர்கள் உருவாக்கிய படகு அது. விலங்குக்குத் தெரியாமல் நெருங்குவதற்கென்றே செய்தது. அதே குணம் இங்கே ஆபத்தாகிறது. மோட்டார் படகு வந்தால் அரை மைல் தூரத்திலேயே காதில் விழும். நாம் வருவது யாருக்கும் தெரியாது. விடிவதற்கு முன் இறங்குகிறவர்கள் வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச் விளக்கையும் விசிலையும் கழுத்திலேயே மாட்டியிருக்க வேண்டும். பைக்குள் இருக்கும் விளக்கு இருட்டில் உதவாது.

அடுத்து வலை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை நெடுங்காலமாக இருக்கிறது. ஏரியில் கட்டுவலை போடத் தகுந்த இடங்களை மீனவ ஊர்கள் பிரித்து வைத்திருக்கின்றன. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்து முடிவு செய்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாது. கெட்ட இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. மீன் குறைவு, ஆள் அதிகம் என்ற நிலையில் சண்டையில்லாமல் பிழைக்க அவர்கள் வகுத்த ஒழுங்கு அது. அரசு எழுதிக் கொடுத்ததல்ல. ஆய்வாளர்கள் பலர் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதை ஏன் கயாக் ஓட்டுகிறவர்களிடம் சொல்கிறேன்? நம் கண்ணுக்கு ஏரி அகலமாக, காலியாகக் கிடக்கிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அங்கே நிற்கும் நான்கு கழிகளுக்கு நடுவே உள்ள தண்ணீர் இன்றைக்கு ஒருவருடைய முறை. பல நாள் காத்திருந்து வந்த முறை. இன்று அந்த வலையை நாம் கலைத்துவிட்டால், நாளை அதே இடம் வேறொருவருக்கு. முறையை இழந்தவருக்கு அது மறுபடி எப்போது வரும் என்பது அந்த ஊர்க் கணக்கு. ஒரு வலைக்கயிறு அறுந்தால் பணம் கொடுத்து ஈடுகட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கயிற்றுக்கு விலை கொடுக்கலாம், போன முறையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விளைந்த வயலில் வரப்பை விட்டு இறங்கி நடக்கிறவரை ஊர் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். நெல் கண்ணுக்குத் தெரிகிறது, மீன் தெரிவதில்லை. வித்தியாசம் அது ஒன்றுதான்.

வலையை எப்படி அடையாளம் காண்பது? வரிசையாகத் தக்கை மிதந்தால் செவுள்வலை. தக்கை என்று கடையில் வாங்கியதைத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்பதில்லை. தெர்மோகோல் துண்டு, தண்ணீர் பாட்டில், பழைய செருப்பின் அடிப்பாகம்கூட இருக்கும். ஒற்றை பாட்டில் மிதந்தால் குப்பை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். நீரோட்டத்தோடு நகர்ந்தால் குப்பை, நின்ற இடத்திலேயே நின்றால் அதன் கீழே நண்டு வலையோ கயிறோ இருக்கிறது. சேற்றில் நட்ட கழிகள் வரிசையாகத் தெரிந்தால் கட்டுவலை. கடல்நீர் இறங்கும் வத்தத்தில் தண்ணீர் வடியும்போது மீன் அதில் வந்து சேரும். அந்த நேரத்தில் வலை வாய்க்கு எதிரே துடுப்புப் போட்டுச் சலசலப்பு ஏற்படுத்துவதும் வலையைக் கிழிப்பதும் வலைக்காரருக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

வலையின் கடைசித் தக்கை வரை போய்ச் சுற்றிக்கொண்டு போவதே முறை. எவ்வளவு தூரமானாலும் சரி. வாய்க்காலின் குறுக்கே கரைக்குக் கரை கட்டியிருந்தால், உரியவர் பக்கத்தில்தான் இருப்பார். கேளுங்கள். கடந்துபோகச் சொன்னால், இரண்டு தக்கைகளுக்கு நடுவே மேற்கயிறு தாழ்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து, சுக்கானைத் தூக்கிவிட்டு, துடுப்பை மடியில் கிடத்தி, வந்த வேகத்திலேயே நேராக வழுக்கிப் போய்விட வேண்டும். கயிறு கயாக்கில் மாட்டினால் துடுப்பால் நெம்பக் கூடாது. பின்வாங்கிக் கையால் விடுவிக்க வேண்டும். கத்தி எடுப்பது உயிர் போகும் ஆபத்தில் மட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். கலங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1972-இல் வகுத்த பன்னாட்டு விதிகள் 1977-இலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. குறுகிய வழியில் வலக்கரையை ஒட்டிப் போ. எஞ்சின் கலங்கள் எதிரும் புதிருமாக வந்தால் இரண்டும் வலப்பக்கம் விலக வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த கலம், அந்தக் குறுகிய வழியில் மட்டுமே போகக்கூடிய பெரிய கலத்துக்கு இடைஞ்சல் செய்யாதே. எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இரு. கடல்கலங்கள் வந்துபோகும் நீர்நிலைகளுக்காக எழுதியவை இவை. பிச்சாவரத்து வாய்க்காலில் யாரும் விதிப்புத்தகத்தோடு நிற்கப் போவதில்லை. ஆனாலும் வலப்பக்கம் விலகும் பழக்கம் நமக்கு ஊறிப்போக வேண்டும். சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகியவர்கள் நாம். பதற்றத்தில் கை தானாக இடப்பக்கம் திருப்பும். எதிரே வருகிறவர் வலப்பக்கம் வந்தால் இருவரும் முட்டிக்கொள்வோம்.

துடுப்பு என்றால் எல்லாம் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றில் பந்தயப் படகு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். எட்டுப் பேர் வலிக்கும் நீண்ட படகை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. கயாக் ஓட்டுகிறவர் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கிறார், ஒரே தள்ளில் திரும்பிவிடுவார். பார்க்க முடிந்தவரும் திரும்ப முடிந்தவரும் விலகுவது அங்கே நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. ஒகேனக்கல் பரிசலுக்கும் இது பொருந்தும். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. சுழிப்பில் சுழன்று வரும் பரிசலில் நான்கைந்து பேர் உயிர் அந்த ஒற்றைத் துடுப்புக்காரர் கையில் இருக்கிறது. அவர் கிட்டே போய் விளையாட்டுக் காட்டுவது குற்றம். நீர்வரத்து பெருகி மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்தும் நாட்களில், “எங்களுக்குப் பயிற்சி இருக்கிறது” என்று கயாக்கை இறக்குவதும் தவறு. நாம் கவிழ்ந்தால் காப்பாற்றக் குதிக்கப் போவது அதே பரிசல்காரர்தான்.

முகத்துவாரம் பற்றி ஒரே வார்த்தை: ஒதுங்குங்கள். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் ஃபைபர் படகுகள் அலையின் முதுகில் ஏறி உள்ளே வரும். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும். அதன் நடுவில் நின்று கடலைப் பார்த்து ரசிப்பவரைக் கண்டால் அவர்களால் நிறுத்தவும் முடியாது, விலகவும் முடியாது. படகு திரும்பும் நேரத்தைக் கரையில் கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் அங்கே போகாமலே இருந்துவிடலாம்.

உள்நாட்டு ஆற்றில் படித்துறைகள் இருக்கின்றன. காவிரியிலும் தாமிரபரணியிலும் காலையில் பெண்கள் குளிக்கும் துறை எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுப்பக்கத்திலிருந்து ஆள் வரக்கூடும் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. அவர்கள் மறைப்பெல்லாம் சாலைப்பக்கம்தான். துறை தெரிந்ததும் எதிர்க்கரைக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேச்சில்லாமல் கடந்துவிட வேண்டும். பிண்டம் கரைக்கும் துறையிலும் அப்படித்தான். ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் கயாக் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

காட்டுக்கும் நாம் விருந்தாளிகள். அலையாத்திக் காட்டில் நிழலுக்காகக் கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அங்கே தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான அதே மரம். கிளை ஒடிந்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விட்டது போல எரியும். எந்த மரம் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். சேற்றுத் திட்டில் கயாக்கை ஏற்றி நிறுத்தாதீர்கள். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் அங்கே விரல் விரலாக நிமிர்ந்திருக்கும், இந்த ஆண்டு முளைத்த கன்றுகளும் நிற்கும். பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வத்தம் வெளிக்காட்டும் சேற்றில்தான் இரை தேடுகின்றன. கடல்நீர் ஏறும் ஏத்தம் வந்தால் அந்தச் சேறு மூடிவிடும். நமக்கு நல்ல படம் வேண்டும் என்று கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், இருந்த கொஞ்ச நேரமும் அவற்றுக்குப் போச்சு.

இன்னொரு செய்தி, இங்கே பலர் கேள்விப்படாதது. எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் சிப்பி பரவிக் கிடக்கிறது. தென்னமெரிக்கக் கரையிலிருந்து வந்தது. கப்பல்கள் எடையைச் சமன்செய்ய ஏற்றி இறக்கும் தண்ணீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். பாய் விரித்தாற்போல் அடித்தரையை மூடிவிடுகிறது. இறால் பதுங்கச் சேறு இல்லை, ஆள் இறங்கினால் காலைக் கிழிக்கிறது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதப்பவை. சனிக்கிழமை எண்ணூரில் ஓட்டிவிட்டு, அடியில் தேங்கிய தண்ணீரோடு ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரத்தில் இறக்குகிறவர் எதைக் கொண்டுவந்து ஊற்றுகிறார் என்று அவருக்கே தெரியாது. கையால் இறால் தடவுகிறவர்களின் தண்ணீர் அது. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் கயாக்கைக் கவிழ்த்து வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். துடுப்பு, மிதவைச் சட்டை, செருப்பு எல்லாவற்றையும்தான். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டும் இப்படித்தான் ஊர் மாறும்.

ஒழுங்கை நாம் வகுத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாராவது வகுப்பார்கள். கங்கைக் கரையில் அதுதான் நடந்தது. ரிஷிகேஷுக்கு மேலே ஆற்று மணலில் முகாம்கள் பெருகிப் பெருகி, 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றைத் தடை செய்தது. 2018 ஜூனில், விதிமுறை வகுக்கும் வரை ராஃப்டிங் உள்ளிட்ட நீர் விளையாட்டுகளையே உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஒழுங்காக நடந்தவர்களும் சேர்ந்துதான் கரையில் உட்கார்ந்தார்கள்.

நமக்குள் கடைப்பிடிக்க வேண்டியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். கோழிக்கோடு பக்கம் சாலிப்புழை போன்ற காட்டாறுகளில், மேலிருந்து இறங்கி வருகிறவருக்கு அலையில் விளையாடிக்கொண்டிருப்பவர் வழிவிடுவார். கீழே போனவர் ஒதுங்கிச் சைகை காட்டும் வரை அடுத்தவர் இறங்க மாட்டார். தட்டையான நீரிலும் குழுவின் வேகம் என்பது கடைசியாக வருகிறவரின் வேகம்தான். மீனவர்கள் மீன் இறக்கும் துறையில் கயாக்கைப் பரப்பி வைத்துக்கொண்டு பட்டியைச் சரிசெய்யாதீர்கள். எல்லாவற்றையும் மேலேயே முடித்துக்கொண்டு, இறக்கியதும் நகர்ந்துவிடுங்கள்.

இந்தக் கூட்டத்திடம் நான் கேட்பது ஒன்று உண்டு. அடுத்த பயணத்துக்கு முந்தின நாளே இரண்டு பேர் கிள்ளைக்குப் போங்கள். மீனவர் பஞ்சாயத்தாரையும், எம்.ஜி.ஆர். நகர்ப் பெரியவர்களையும், சுற்றுலாப் படகு வலிப்பவர்களையும் பாருங்கள். எந்த வாய்க்காலில் எந்த நேரம் இறால் தடவுவார்கள், எங்கே வலை இருக்கும், எந்த நேரம் நாங்கள் வராமல் இருந்தால் நல்லது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை வைத்து நம் பாதையையும் நேரத்தையும் மாற்றுவோம். விடியற்காலை வேண்டாம் என்றால் பிற்பகலில் போவோம். உங்களுக்கு வழிகாட்டியாக அவர்களில் ஒருவரையே கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள். போகும் இரண்டு பேர் யார் என்பதை இன்று கலைவதற்கு முன் முடிவு செய்துவிடலாம். பெயர் கொடுப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.